அவளுக்காகப் போட்ட கையெழுத்து

அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு தாளை நீட்டுவார்கள். மயக்க மருந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம், தெரிந்தேதான் சம்மதிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் நாய் செம்பிக்காக நான் கையெழுத்துப் போட்டேன். சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. ஆடும் பூனையும் காத்திருந்த கூட்டத்தில், என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தாள்.

கர்ப்பப்பையில் சீழ். பையோமெட்ரா என்பார்கள். கருத்தடை செய்யாத, வயதேறிய பெண் நாய்களுக்குப் பருவம் வந்துபோன சில வாரங்களில் வருவது. செம்பி தெருவில் வளர்ந்து, பெரியவளான பிறகு எங்களிடம் வந்தவள். ஒன்பது வயதாவது இருக்கும் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார்கள். சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல், தண்ணீரை மட்டும் வைக்க வைக்கக் குடித்தாள். கிருமியின் நச்சு சிறுநீரகத்தின் வேலையைக் கெடுப்பதால் வரும் தாகம் அது. கர்ப்பப்பையை எடுக்காவிட்டால் பிழைப்பது அரிது. ஆகவே யோசிக்க அதிகம் இருக்கவில்லை. ஆனாலும் பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை: சொல்லிப் புரியவைக்க முடியாத ஓர் உயிரின் வயிற்றைத் திறக்கச் சம்மதம் சொல்ல நான் யார்?

அந்தக் கேள்விக்கு மருத்துவமனையில் வைத்துப் பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல முடியும். சம்மதித்தவன் அந்த வலிக்குப் பொறுப்பாளி. அவள் வாய்விட்டுச் சொல்லாத வலியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவனும் அவன்தான்.

நாய் வலியை எளிதில் காட்டிக்கொடுக்காது. படுக்க வந்து, பாதி குனிந்து, மறுபடி எழுந்து நிற்கும். ஓடாமலேயே மூச்சிரைக்கும். ஒன்றும் சாப்பிடாமல் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். முதல் இரவு அவள் நடுங்கினாள், மெல்ல முனகினாள். மயக்கம் தெளிகிறபோது அப்படி இருக்கும் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேலுதட்டைத் தூக்கி ஈற்றை விரலால் அழுத்திப் பார்ப்பேன். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் ரோஜா நிறத்துக்குத் திரும்பினால் இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று பொருள். இரவெல்லாம் அந்த நிறம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா, "மஞ்சளைக் குழைச்சுப் போடுடா, ரெண்டு நாள்ல ஆறிடும்" என்றார். மருத்துவரோ, "தையல் மேல ஒண்ணும் போடாதீங்க சார், காய்ஞ்சு கிடந்தா போதும்" என்று சொல்லியிருந்தார். நாம் விழுங்கும் பாரசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ நாய்க்கு விஷமாகிவிடலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அதைக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்புதான் அவளுக்குப் பெரும் துன்பம். கதவு நிலையில் இடித்துக்கொண்டு, ஏன் இடிக்கிறது என்று தெரியாமல் அப்படியே நிற்பாள். தண்ணீர்க் கிண்ணத்துக்குக் குனிந்தால் கூம்பின் விளிம்பு தரையைத் தட்டும், வாய் எட்டாது. வாய் குறுகிய கிண்ணமாகப் பார்த்து ஒரு செங்கல் மேல் வைத்ததும் கூம்பு அதைச் சுற்றி இறங்கியது. சளப் சளப்பென்று அவள் குடித்த சத்தத்தில் எனக்கு உயிர் வந்தது.

வலி அதிகமாக இருந்த நாட்களைவிட, வலி குறைந்த நாட்களே கடினமானவை. பத்திலிருந்து பதினான்கு நாளில் மேல்தையல் பிரிப்பார்கள். உள்ளே சதை உறுதிப்பட இன்னும் சில வாரங்கள் வேண்டும். அவளுக்கு அது தெரியாது. வாசலில் பால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் பாய்ந்துவிடத் துடிப்பாள். வீட்டுக்குள்ளேயே கயிற்றில் பிடித்து வைப்பேன். திரும்பி என்னைப் பார்ப்பாள். காரணத்தைச் சொல்ல எனக்கு வழியில்லை. எதைக் கொடுத்து அதை ஈடுகட்டுவது? ஒரே நேரத்தில் சோறு, ஒரே நேரத்தில் மாத்திரை, ஒரே குரல், ஒரே கை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதே அவளுக்குக் கிடைக்கக்கூடிய விளக்கம்.

மாத்திரையை வேறு யாராவது கொடுக்கட்டும், இல்லாவிட்டால் நாய் உன்னை வெறுத்துவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவளை அங்கே அழைத்துப் போனவன் நான். நல்லவனாக மட்டும் அவளிடம் பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. தொண்டைக்குள் மாத்திரையைத் தள்ளிய அதே கையால்தான் காது மடலுக்குப் பின்னே வருடினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகப் போக, மாத்திரை இறங்கியதும் தானே காதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்த வயசுல இவ்வளவு செலவு பண்ணி, இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போகுது?" என்று கேட்டார் எதிர்வீட்டு அக்கா. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எத்தனை வருடம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, அக்கா. இருக்கிற நாளில் அவள் வயிற்றில் சீழ் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் இளம் பெண் நாய் இருக்கிறது. கருத்தடை செய்துவிடுங்கள். அதுவும் அவளைக் கேட்காமல் எடுக்கிற முடிவுதான். ஆனால் செம்பி பட்டதில் பெரும்பங்கை அவள் படாமல் போவாள். கூம்பு எங்கள் வீட்டில் கழுவிக் காயவைத்திருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல்லும் தருகிறேன்.