சார்ஜ் எவ்வளவு?



இந்த மாதம் ஒரே ஒரு சொல்லை உங்களோடு தியானிக்க விரும்புகிறேன். அது எபிரெயச் சொல் அல்ல, கிரேக்கச் சொல்லும் அல்ல. ஆங்கிலச் சொல். ஆனாலும் பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கும் அது தெரியும். "சார்ஜ்" என்கிற சொல்தான் அது.

காலையில் எழுந்தவுடன் "செல்லுல சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது" என்கிறோம். பஸ்ஸில் ஏறினால் "சார்ஜ் எவ்வளவு?" என்று கேட்கிறோம். ஆஸ்பத்திரியில் ரூம் சார்ஜ். ஆபீசில் புது அதிகாரி வந்து "சார்ஜ்" எடுக்கிறார். அவர் லீவில் போனால் இன்னொருவர் "இன்சார்ஜ்". போலீஸ்காரர் கோர்ட்டில் போடுவது சார்ஜ் ஷீட். கூட்டம் கலையாவிட்டால் லத்தி சார்ஜ். மின்சாரம், கட்டணம், பொறுப்பு, குற்றச்சாட்டு, பாய்ச்சல் என்று தமிழில் ஐந்து சொல் வேண்டிய இடத்தில் ஆங்கிலக்காரன் ஒரே சொல்லை வைத்திருக்கிறான். எப்படி வந்தது இது?

இந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் போனால் ஒரு வண்டியில் கொண்டுபோய் விடுகிறது! லத்தீன் மொழியில் "காருஸ்" என்றால் வண்டி. அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு சொல் பிறந்தது. அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது "சார்ஜ்" ஆயிற்று. கார், கார்கோ என்கிற சொற்களும் அதே குடும்பந்தான். ஆக, சார்ஜ் என்றால் அடிப்படையில் ஏற்றப்பட்ட பாரம். ஒருவன்மேல் வேலையை ஏற்றினால் பொறுப்பு. குற்றத்தை ஏற்றினால் குற்றச்சாட்டு. பணத்தை ஏற்றினால் கட்டணம். நாமும் "குற்றம் சுமத்துதல்" என்றுதானே சொல்கிறோம்! நம் தமிழிலும் குற்றம் ஒரு சுமைதான்.

1611-ல் வெளிவந்த ஆங்கில வேதாகமமாகிய கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் பல இடங்களில் வருகிறது. பைபிள் காலேஜில் படித்த நாட்களில் பென்சிலால் அந்த இடங்களைக் குறித்துக்கொண்டே வருவேன். தமிழ் வேதத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இடத்துக்கு இடம் வேறு சொல் இருக்கும். அவற்றில் சிலவற்றை இப்பொழுது பார்ப்போம்.

1. சார்ஜ் என்றால் பாரம்

1 தீமோத்தேயு 5:16-ஐ எடுத்துப் பாருங்கள். விசுவாசியின் குடும்பத்தில் விதவை இருந்தால் அந்தக் குடும்பமே அவளைப் பராமரிக்க வேண்டும், சபையின்மேல் அந்தச் சுமையை வைக்கக் கூடாது என்பது பவுலின் போதனை. அங்கே ஆங்கிலத்தில் "சார்ஜ்". தமிழ் வேதத்தில் அழகாகப் "பாரம்" என்றே இருக்கிறது.

பிரியமானவர்களே, இதை நான் மனப்பாரத்தோடுதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கையையும் உயர்த்தித் துதிக்கிறோம். ஊரில் அம்மா தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிறாள். "சபையில அரிசி குடுக்கிறாங்களே, போய் வாங்கிக்கட்டும்" என்று சொல்லுகிற மகன்களும் உண்டு. யாருமற்ற தாய்மாருக்கு வைத்திருக்கிற அரிசி அது. பெற்ற தாயைச் சபையின் கணக்கில் ஏற்றிவிட்டு அந்நியபாஷை பேசினால் கர்த்தர் அதில் பிரியப்படுவாரா? யோசித்துப் பாருங்கள்.

2. சார்ஜ் என்றால் பொறுப்பு

சங்கீதம் 91:11-ல் கர்த்தர் நம்மைக் காக்கும் வேலையைத் தம்முடைய தூதர்களிடம் ஒப்புவிக்கிறார். ஆங்கிலத்தில் அது "சார்ஜ்". அதாவது நீ தூங்கும்போதும் உனக்கு ஒரு இன்சார்ஜ் உண்டு! நெகேமியா 7:2-லும் இதே சொல். அலங்கம் கட்டி முடிந்தபின் எருசலேமை யாரிடம் ஒப்படைப்பது? நெகேமியா உண்மையுள்ளவனும் தேவனுக்குப் பயந்தவனுமான ஆளைத் தேடினான். திறமை எவ்வளவு, செல்வாக்கு எவ்வளவு என்று அங்கே எழுதப்படவில்லை.

ஆங்கிலத்தில் பொறுப்புக்கு மாத்திரமல்ல, ஒருவருடைய பொறுப்பில் விடப்பட்ட ஆளுக்கும் "சார்ஜ்" என்றே பெயர். ஆயாவிடம் விடப்பட்ட குழந்தை அவளுடைய சார்ஜ். மெதடிஸ்ட் சபைகளில் ஒரு போதகரிடம் ஒப்படைக்கப்பட்ட சபைக்கும் சார்ஜ் என்று சொல்லுவார்கள். ஆகவே சண்டே ஸ்கூல் டீச்சரே, வாலிபர் தலைவரே, "நான்தான் இன்சார்ஜ்" என்று சொல்லும்போது நாற்காலியை நினையாதிருங்கள். உங்கள்மேல் ஏற்றப்பட்ட ஆத்துமாக்களை நினையுங்கள்.

3. சார்ஜ் என்றால் குற்றச்சாட்டு

யோபு ஒரே நாளில் ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் இழந்தான். அப்படியிருந்தும் அவன் தேவன்மேல் சார்ஜ் ஷீட் போடவில்லை என்பதே யோபு 1:22-ன் சாரம். நமக்கு பஸ் பத்து நிமிஷம் தாமதமானாலே "ஆண்டவரே, ஏன் எனக்கு மட்டும்?" என்று வந்துவிடுகிறது!

இன்னும் ஆழமான ஒன்றைக் கவனியுங்கள். அப்போஸ்தலர் 7:60-ல் கல்லெறியப்பட்டு விழுகிற ஸ்தேவான், இந்தப் பாவத்தை இவர்கள்மேல் ஏற்றவேண்டாம் என்று ஜெபிக்கிறான். கல்லெறிந்தவர்களின் வஸ்திரங்கள் சவுல் என்ற வாலிபனுடைய பாதத்தருகே கிடந்தன. வருஷங்கள் ஓடின. அந்தச் சவுலே பவுலாகி, சிறையில் இருந்துகொண்டு தன் கடைசி நிருபத்தை எழுதுகிறார். முதல்தரம் விசாரணைக்கு நின்றபோது ஒருவரும் கூட நிற்கவில்லை, எல்லாரும் விட்டுப் போனார்கள். அவர்களைக் குறித்து அவர் செய்கிற ஜெபம் 2 தீமோத்தேயு 4:16-ல் இருக்கிறது. ஸ்தேவான் செய்த அதே ஜெபம்! ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் அதே "சார்ஜ்". தமிழில் இரண்டு இடத்திலும் "சுமத்துகிற" சொல்லே. செத்துக்கொண்டிருந்த ஒரு மனுஷனின் மன்னிப்பு, வஸ்திரங்களுக்குக் காவல் நின்றவனுக்குள்ளே போய் முளைத்துவிட்டது. அல்லேலூயா!

நம் சபைக்குள் இரண்டு குடும்பங்கள் ஒரே பெஞ்சில் உட்காராமல் இருக்கலாம். யார் முதலில் பேசினது, யார் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று சார்ஜ் ஷீட்டில் பக்கம் கூடிக்கொண்டே போகலாம். ரோமர் 8:33-ஐ வாசியுங்கள். தேவன் நீதிமானாக்கினவன்மேல் குற்றம் சுமத்த யாருக்கு அதிகாரம்? அவர் கிழித்த தாளை நாம் ஒட்ட வேண்டாம்.

4. சார்ஜ் என்றால் வல்லமை, சார்ஜ் என்றால் பாய்ச்சல்

மின்சாரத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது? துப்பாக்கிக்குள் திணிக்கிற வெடிமருந்துக்கு முன்பே "சார்ஜ்" என்று பெயர் இருந்தது. 1740-களில் ஐரோப்பாவில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற கண்ணாடி ஜாடியைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதை வைத்து ஆராய்ச்சி செய்தார். பிளஸ், மைனஸ் என்று மின்னேற்றத்தைப் பிரித்துச் சொன்னவர் அவரே. பல ஜாடிகளை ஒன்றாக இணைத்தார். அந்தத் தொகுப்புக்கு "பேட்டரி" என்று பெயர் வைத்தார். அதற்கு முன் பேட்டரி என்றால் வரிசையாக நிறுத்திய பீரங்கிகள்! ஒரு ஜாடி கொடுக்கிற அதிர்ச்சியைவிட இணைத்த ஜாடிகள் கொடுப்பது மிகப் பெரிது. மேல்வீட்டில் சுமார் நூற்றிருபது பேர் ஒருமனப்பட்டுக் காத்திருந்ததும் இப்படித்தான். ஜாடி தானாக மின்சாரத்தை உண்டாக்காது, ஏற்றினால்தான் இருக்கும். நாமும் அப்படியே. தனியே கிடந்து "எனக்கு வல்லமை இல்லை" என்று சொல்லாமல் ஜெபக்கூட்டத்துக்கு வாருங்கள்.

ஆனால் வல்லமையோடு ஒரு எச்சரிப்பும் உண்டு. குதிரைப்படை பாய்வதற்கும் சார்ஜ் என்பார்கள். 1854 அக்டோபர் 25-ஆம் தேதி, கிரிமியப் போரில், பாலக்லாவா என்ற இடத்தில் ஆங்கிலேயக் குதிரைவீரர் சுமார் 670 பேர் ஒரு பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தார்கள். மேட்டின்மேல் நின்ற தளபதி ராக்லன் பிரபு எழுதி அனுப்பின கட்டளை வேறு பீரங்கிகளைக் குறித்தது. கீழே நின்றவர்களுக்கு அவை கண்ணில் படவில்லை. கட்டளை கொண்டுவந்த நோலன் என்ற கேப்டன் கையைத் தெளிவில்லாமல் ஒரு பக்கம் காட்டினான். அவர்கள் தவறான பீரங்கிகளை நோக்கி ஓடினார்கள். ஏறக்குறைய 110 பேர் மாண்டார்கள். தைரியத்தில் குறைவில்லை, குதிரையிலும் குறைவில்லை. கட்டளையைச் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். வைராக்கியம் மாத்திரம் போதாது, பிரியமானவர்களே. மேலிருந்து பார்க்கிறவர் என்ன சொன்னார் என்று நின்று கேளுங்கள். கேட்டபின் ஓடுங்கள்.

5. சார்ஜ் என்றால் கட்டணம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் வலிப்பு நோயுள்ள ஒரு பையனுக்காக ஜெபிக்கப் போயிருந்தேன். ஜெபித்து முடித்ததும் அவனுடைய தாயார் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். "ஐயா, சார்ஜ் எவ்வளவுங்க?" என்றார்கள். "என்னம்மா இது?" என்றேன். "முன்னாடி ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனோங்க. எண்ணெய்க்குத் தனி, தலையில கை வச்சு ஜெபிக்கத் தனின்னு சொன்னாங்க. பணம் பத்தலைன்னு வெளிலயே உக்கார வச்சுட்டாங்க" என்றார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "அம்மா, இதுக்கெல்லாம் சார்ஜ் கிடையாது. அந்தக் காசுல பையனுக்கு மாத்திரை வாங்குங்க, டாக்டர் சொல்லாம அதை நிறுத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சுவிசேஷத்தைச் சார்ஜ் இல்லாமல் கொடுப்பதே தன் பலன் என்று பவுல் 1 கொரிந்தியர் 9:18-ல் எழுதுகிறார். ஊழியக்காரன் சாப்பிடக் கூடாதா? சாப்பிடலாம்; அதே அதிகாரம் 14-ஆம் வசனம் அந்த உரிமையைச் சொல்லுகிறது. மனமுவந்து கொடுக்கிற காணிக்கை வேறு, ஜெபத்துக்கு ஒட்டுகிற விலைச்சீட்டு வேறு. நாகமானுக்குக் கிடைத்த சுகத்துக்கு எலிசா ஒன்றும் வாங்கவில்லை. பின்னாலே ஓடிப்போய் வசூல் பண்ணின கேயாசிக்கு வந்தது குஷ்டம்.

அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் இரண்டு பேரைப் பாருங்கள். சீமோன் பணத்தை நீட்டி ஆவியின் வரத்தை விலைக்குக் கேட்டான். பேதுரு அவனைக் கடிந்துகொண்டார். அடுத்ததாக எத்தியோப்பிய மந்திரி வருகிறான். கந்தாகே ராணியின் பொக்கிஷத்துக்கெல்லாம் அவனே இன்சார்ஜ். ஆங்கிலத்தில் அங்கேயும் "சார்ஜ்" என்றே இருக்கிறது. அப்பேர்ப்பட்ட பணக்காரனுடைய ரதத்தில் பிலிப்பு ஏறினான், இயேசுவைப் பிரசங்கித்தான், ஞானஸ்நானம் கொடுத்தான். பில் கொடுக்கவில்லை! மந்திரி சந்தோஷத்தோடே தன் வழியே போனான்.

ஆனால் இலவசம் என்றால் ஒருவரும் கொடுக்கவில்லை என்று அர்த்தமல்ல. தமிழ்நாட்டில் 2021-ல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்தார்கள். டீசல் சும்மா வரவில்லை. அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசாங்கம் கொடுத்தது. பவுலும் ஓடிப்போன அடிமையாகிய ஒநேசிமுவுக்காக பிலேமோனுக்கு எழுதும்போது, அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தன் பேரில் எழுதிக்கொள்ளச் சொன்னார். கல்வாரியில் நமக்கு நடந்ததும் இதுதான். நம்முடைய கணக்கு முழுவதும் அவர்மேல் ஏற்றப்பட்டது.

6. டிஸ்சார்ஜ்

கடைசியாக, நமக்கெல்லாம் பிடித்த ஒரு சொல். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர் தினமும் கேட்கிற கேள்வி, "எப்ப டிஸ்சார்ஜ்?" ஏற்றின பாரத்தை இறக்குவதே அந்தச் சொல்லின் பழைய அர்த்தம். மத்தேயு 11:28-ல் இயேசு கூப்பிடுவது யாரை? சுமை சுமந்து களைத்தவர்களைத்தான். பில் கட்டியாயிற்று, போகலாம் என்று சொன்னபின்னும் கட்டிலைவிட்டு இறங்காமல் இருப்பீர்களா?

இந்த மாதம் மூன்று காரியம் செய்யுங்கள். கர்த்தர் உங்கள்மேல் ஏற்றின பொறுப்பைச் சுமந்துகொள்ளுங்கள். முக்கியமாக உங்கள் தாய் தகப்பனை. நீங்கள் பிறர்மேல் ஏற்றின குற்றத்தை இறக்கிவிடுங்கள்; அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசுங்கள். ஜெபத்துக்கு யாராவது விலை கேட்டால் பர்சைத் திறக்காதிருங்கள். உங்கள் வீட்டில் முழங்கால்படியிட்டால் போதும், அங்கே கேட்கிறவர் சார்ஜ் வாங்குகிறவர் அல்ல.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. தேவனுக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.