காணாமையும் இன்மையும்

மட்டக்களப்பு வாவியிற் பாடும் மீனின் ஒலியைச் செவியாற் கேட்டோர் பலர். அது பாடுங்காற் கண்ணாற் கண்டோர் அரியர். நிலவு தவழும் இரவிற் கல்லடிப் பாலத்தின் அயலே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைச் செவியிற் சேர்த்தோர்க்கு அவ்வொலி இனிது புலப்படும் என்ப. பாடுவதைக் கண்டிலோமாதலின் பாடுவது ஒன்று இல்லை என்பார் நம் நாட்டில் இலர். பிற பொருள்களிடத்தும் இந்நிதானத்தை நாம் கைக்கொள்கின்றோமா? காணாமை ஒன்றே இன்மைக்குச் சான்றாகுமா? இவ்வினாவிற்கு விடை பகரும் மீன் ஒன்று வானத்திலும் உண்டு.

திமிங்கிலம் எனப் பெயரிய விண்மீன் கூட்டத்திலுள்ள மீரா என்னும் செம்பெருமீனே அது. மார்கழி முன்னிரவில் நம் உச்சிக்கு அணித்தாகச் செல்வது. ஒளி மிகுங்கால் வெறுங்கண்ணுக்குப் புலப்படும். குன்றுங்கால் முற்றும் மறையும். 1596-இல் தாவீது பப்ரீசியசு என்னும் கிறித்தவ குரு அதனைக் கண்டார். சில வாரங்களில் அது மங்கி மறையவே, தோன்றி அழிந்த புதுமீன் என்று கருதினார். 1609-இல் மீண்டும் கண்டார். 1638-இல் ஒல்வார்டா என்பார், அது ஏறக்குறையப் பதினொரு திங்களுக்கு ஒருமுறை தோன்றுதலை அறிந்தார். அக்காலவட்டம் ஏறத்தாழ 332 நாள்.

மங்குதற்குக் காரணமும் சிந்திக்கத்தக்கது. அம்மீன் விரிந்து குளிருங்கால் அதன் மேற்படையில் தைத்தானியம் ஒட்சைட்டு முதலியன உருவாகி ஒளியை மறைக்கின்றன. கண்ணுக்குப் புலனாம் ஒளி நூறு மடங்கினும் மிகக் குறையுங்காலும் மொத்த ஆற்றல் அத்துணைக் குறைவதில்லை. பெரும்பகுதி கண்காணா வெப்பக்கதிராய் வெளிப்படுகின்றது. பெரிதும் குன்றியது நம் கண்ணுக்கு எட்டும் பகுதியேயாம்.

அங்ஙனமாயின், காணாதன யாவும் உள எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. சென்னை வானாய்வுக்கூடத்திற் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் 1867-இல், ஆர் ரெட்டிகுலி என்னும் மீனும் இவ்வினத்ததே எனக் கண்டார். ஒளி மிக்க காலத்தும் வெறுங்கண்ணுக்கு எட்டுதற்கு அரிய அதனைத் தொலைகாட்டியால் மீண்டும் மீண்டும் நோக்கியன்றோ துணிந்தார்? 'இல்லை' என்றற்கு ஒரு சொல் போதும்; 'உண்டு' என்றற்கு உழைப்பு வேண்டும்.

காட்சி ஒன்றே அளவை என்ற உலகாயதரை மறுத்துக் கருதலையும் உரையையும் உடன்கொண்ட நம் முன்னோர், அழித்தலையும் மறைத்தலையும் வெவ்வேறு தொழிலாக வைத்தெண்ணினர். அவ்வேறுபாட்டை மாணாக்கருக்கு ஓதும் நாம், அம்மாணாக்கரிடத்தே அதனை மறந்துவிடுகின்றோம்.

யானும் மறந்ததுண்டு. முன்வரிசையில் ஒளிவிட்ட சிறுவன் ஒருவன் ஓராண்டு வகுப்பில் உறங்கலானான். 'இவனுக்குக் கல்வி இல்லை' என்று பலர் கேட்கக் கூறினேன். தந்தையை இழந்தபின், இரவெல்லாம் வாவியில் மாமனுக்குத் துணையாக வலை வீசினான் என்பதை, அவன் பள்ளியை விட்டு நீங்கிய பின்னரே அறிந்தேன். 'யான் காணவில்லை' என்பதே உண்மையாய் இருக்க, 'அவனிடத்து இல்லை' என்றேன். முன்னது என் கண்ணின் குறை; பின்னது அவன்மேல் யான் சுமத்திய தீர்ப்பு.

ஆசிரிய அன்பர்காள்! மங்கிய மாணாக்கனைக் குறித்து 'இல்லை' என எழுத எழுகோல் எடுக்குமுன், ஒருமுறை அவன் இல்லம்வரை சென்று வருவோமாக. அதுவே நமக்கு வாய்த்த தொலைகாட்டி.