சேவையும் சித்தசுத்தியும்

சேவை, செய்பவனின் மனத்தைத் தூய்மையாக்கும் சாதனை என்று நமது ஆசாரியர்கள் கூறுகின்றனர். அப்படியானால் அதைப் பெறுபவன் யார்? என் மன அழுக்கைக் கழுவுவதற்கு வாய்த்த ஒரு கருவியா?

புனே நகரின் வடமேற்கே வாகட் பகுதியில் வசிக்கும் தமிழ் அன்பர் ஒருவரின் கேள்வி இது. ஹிஞ்ஜவடியில் மென்பொருள் பணி. சனிக்கிழமைகளில் கட்டிடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கிறார். ‘திரும்பி வரும்போது மனம் நிறைந்திருக்கிறது, சுவாமி. அந்த நிறைவுக்காகத்தான் போகிறேனோ என்று அச்சமாகவும் இருக்கிறது’ என்றார்.

வாகட்டின் அடுக்குமாடிகளைக் கட்ட மராட்வாடாவிலிருந்தும் வட கர்நாடகத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. தகரக் கொட்டகையே வீடு. கட்டிடம் எழுந்ததும் கொட்டகை பிரிக்கப்படும்; குழந்தை பாதி எழுத்தோடு அடுத்த இடத்திற்குச் செல்லும். அங்கே பள்ளியின் மொழியே வேறாக இருக்கலாம். ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி 2010 ஏப்ரல் 1 முதல் சட்டப்படியான உரிமை. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டிடத் தளங்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்திருந்தது. ஆனால் இடம் மாறும் குழந்தையைப் பின்தொடர்ந்து நடக்கச் சட்டத்திற்குக் கால்கள் இல்லை. யாரேனும் ஒருவர்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

மீரா மகாதேவன் 1969இல் அப்படி நடந்தார். தில்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிடங்கள் எழுந்துகொண்டிருந்தன. மண்ணிலும் வெயிலிலும் கிடந்த குழந்தைகளைக் கண்டு, அங்கேயே ஒரு காப்பகம் தொடங்கினார். ‘மொபைல் கிரெஷ்’ என்ற அமைப்பு பிறந்தது. காந்தியடிகளுக்கு எடுத்த விழாவின் நிழலில் அவருடைய ‘கடைசி மனிதனின்’ குழந்தை கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பது சிந்திக்கத்தக்கது. மும்பையில் 1988இல் தோன்றிய ‘டோர் ஸ்டெப் ஸ்கூல்’ 1993 முதல் புனேயிலும் பணிபுரிகிறது. பள்ளிக்கு வர இயலாத குழந்தையிடம் பள்ளியே செல்கிறது.

இனி, அன்பரின் கேள்விக்கு வருவோம். மனிதனை ஒருபோதும் வெறும் சாதனமாக நடத்தலாகாது என்று 1785இல் எழுதினார் காண்ட். ஏழை நாடுகளுக்குச் சேவை செய்யப் புறப்படும் செல்வ நாட்டு இளைஞர்களிடம் இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோவில் இன்னும் கடுமையாகப் பேசினார்: நல்லெண்ணம் மட்டும் போதாது, வராமலிருப்பதே மேல். ஆப்பிரிக்காவுக்குச் சில வாரங்கள் சென்று, குழந்தைகளோடு படம் எடுத்துத் திரும்புவோருக்கு இன்றும் பொருந்தும் கண்டனம் அது. ஆனால் குற்றம் தூரத்தில் இல்லை. வாகட்டின் அடுத்த மதிற்சுவருக்குள்ளும் அதே தவற்றைச் செய்ய முடியும்.

தட்சிணேசுவரத்தில் 1884இல், ஜீவர்களிடம் தயை என்ற வைணவ உபதேசத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தயை காட்ட நீ யார் என்று கேட்டார் குருதேவர். சிவன் என்று அறிந்து சேவை செய்வதே முறை என்றார். ஆங்கில நூல்களில் ‘ஹெல்ப்’ என்று வரும் இடங்களை மொழிபெயர்க்கும்போது ‘உதவி’ என்று எழுதுவதா, ‘தொண்டு’ என்று எழுதுவதா என நான் தயங்குவதுண்டு. உதவியில் கை மேலே இருக்கிறது. தொண்டில் கீழே இருக்கிறது.

குழந்தை சிவன் என்றால் சனிக்கிழமை வகுப்பு நித்திய பூஜை. பூசாரி தனக்கு உற்சாகம் வந்த நாளில் மட்டும் கருவறையைத் திறப்பதில்லை. வெளியூர் செல்வதானால் வேறொருவரிடம் சாவியை ஒப்படைக்கிறார். மென்பொருள் துறையினருக்கும் இடமாற்றம் உண்டு. ஆனால் தந்தையைப் பின்தொடரும் குழந்தைக்கு இல்லாத ஒன்று அவர்களுக்கு உண்டு: முன்கூட்டியே சொல்லும் வாய்ப்பு.

சித்தசுத்தி பொய்யன்று, ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் அது வாராது. தூக்கம் வந்துவிட்டதா என்று கவனித்துக்கொண்டே படுத்திருப்பவனுக்குத் தூக்கம் எங்கே வரும்? ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் வேறுபாடு தெரியாமல் விழிக்கும் சிறுமியின்மீது கவனம் முழுவதும் நிற்கும் அரைமணி நேரத்தில்தான் ‘நான்’ தானே விலகுகிறது. நிறைவு பின்னால் வந்தால் வரட்டும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பலனில் பற்றின்மை என்பதையும் நம்மவர் சிலர் தவறாகக் கொள்கின்றனர். எனக்கு வரும் பலனைத் துறக்கலாம். அவள் படிக்கக் கற்றாளா என்பதைத் துறக்க எனக்கு உரிமை இல்லை. அது அவளுடைய பலன்.

மராத்தியில் ஆசிரியையைக் குழந்தைகள் ‘தாயி’ என்று அழைப்பதுண்டு. அக்கா என்று பொருள். நம் காதுக்கோ தாய் என்றே கேட்கிறது. அந்த உறவை ஏற்றபின் சொல்லாமல் நின்றுவிடுவது எளிதன்று.

அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள் 1898 ஜனவரியில் கல்கத்தா வந்தபோது, அவருக்கு முன்பே சுவாமிஜி இங்குள்ள வறுமை, வெயில், அவநம்பிக்கை அனைத்தையும் மறைக்காமல் எழுதியிருந்தார். நிவேதிதையான அவர் வங்கமொழி கற்றார். அவ்வாண்டு நவம்பரில் பாக்பஜாரில் சிறுமியருக்குப் பள்ளி தொடங்கினார். 1899இல் பிளேக் நோயாளிகளிடையே பணிபுரிந்தார். பள்ளியில் கிறிஸ்டீனும் பின்னர் சுதீராவும் உடனுழைத்தனர். 1911இல் டார்ஜிலிங்கில் நிவேதிதை மறைந்தார். பள்ளி மூடப்படவில்லை.