இரவல் விடை

இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் குடும்பமொன்றின் பிள்ளை அவன். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றுப் பொறியியல் கற்கச் சென்றவன், விடுமுறையில் எம்மிடம் வந்தான். "சேர், பத்து வருசத்துப் பேப்பரும் விடையோட பாடம். இப்ப புதுக் கணக்கொண்டு தந்தால் எங்க தொடங்கிறதெண்டே தெரியேல்லை" என்றான்.

நாம் தமிழ் கற்பிப்பவர். பௌதிகவியலில் அவனுக்குக் கைகொடுக்கும் தகுதி எமக்கில்லை. எனினும் அக்குறையில் எமக்கும் பங்குண்டு. 2009இல் போர் முடிந்து மக்கள் மீள்குடியேறியபின் நாம் இத்தொழிலுக்கு வந்தபோது, ஆண்டுக்கணக்கிற் படிப்பிழந்த பிள்ளைகளே எம்முன் இருந்தனர். இரக்கத்தால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம்: செய்யுளுக்குப் பொழிப்பு, கட்டுரைக்கு மாதிரி, கணக்குக்கு விடைத்திட்டம். பசித்தவனுக்குச் சோறூட்டியது தவறன்று. பத்தாண்டு கழிந்தும் ஊட்டிக்கொண்டிருப்பதற்கு என்ன பெயர்?

அவன் கொணர்ந்த கணக்கு இதுதான்: மேலுங்கீழும் ஒரே அகலமான தொட்டி, அடியில் ஒரு சிறு துளை, நீர் முற்றாக வடிய எவ்வளவு நேரமாகும்? துளையால் நீர் பாயும் வேகத்துக்கான விதியை 1644இல் இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி வெளியிட்டார். அவ்விதி அவனுக்கு மனப்பாடம். தொடக்க வேகத்தை வைத்து ஒரு நேரம் கண்டிருந்தான். நூலின் இறுதியில் தந்த விடையோ அதன் சரியான இருமடங்கு!

எமக்கு விடை தெரியாது. ஆகவே கேட்கத்தான் முடிந்தது. "குளம் வத்த வத்தத் துருசால வாற தண்ணி எப்பிடி இருக்குமெண்டு அப்பா சொல்லுவார்?"

"மெலிஞ்சு போகும்" என்றவன் அப்படியே நின்றுவிட்டான். நீர்மட்டம் காற்பங்காகக் குறைந்தால் வேகம் அரைப்பங்காகும். தொடக்க வேகம் இறுதிவரை நிலைப்பதில்லை. தந்தையார் வாய்க்கால் வரம்பில் நின்று அறிந்த உண்மை, மகனின் கொப்பிக்குள் வரவேயில்லை. விறாந்தையிலிருந்து இரண்டு மணி நேரம் எழுதினான், அடித்தான், மீண்டும் எழுதினான்.

அந்த இரண்டு மணி நேரம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. உயர்தரப் பௌதிகவியலில் ஐம்பது பல்தேர்வு வினாக்களுக்குத் தரப்படுவதும் அதே இரண்டு மணி நேரமே! வயலுக்கும் தனியார் வகுப்புக்குமிடையே ஓடும் பிள்ளையிடம் "நீயே முயல்" என்று சொல்லி அகல்வது, விடையை ஊட்டுவதிலும் கொடிது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பிழைவிடவும் நேரமுண்டு. ஏழைப் பிள்ளைக்கு அதுவுமில்லை. அறிவியல்நகரிற் பொறியியற் பீடம் வந்தது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வாயில்கள் திறந்தமை நன்றே. ஆனால் பிழைவிடுவதற்கான நேரத்தைப் பாடசாலை தன் நேரசூசிக்குள்ளேயே தரவேண்டும். ஆசிரியர் அருகிலிருந்து வாய்மூடிப் பழகவேண்டும். எமக்கு அது இன்னமும் கைவரவில்லை.

பொழுதுபடும் வேளையில் இருமடங்கு வந்துவிட்டது. தாளை மடித்தவன், படலையடியிற் திரும்பி நின்று கேட்டான்: "சேர், இரணைமடு தொட்டி மாதிரி இல்லையே. அடியில ஒடுக்கம், மேல அகலம். அப்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?"