முத்தவல்லி உண்ணலாம், சேர்க்கக் கூடாது

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் நபிகளாரிடம் கேட்டார். அதைவிடச் சிறந்த சொத்து அதுவரை அவருக்கு வாய்த்ததில்லை. நிலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று பதில் வந்தது. உமர் அப்படியே செய்தார். அந்த நிலத்தை விற்கவோ அன்பளிப்பாகத் தரவோ வாரிசுகள் பங்கு போடவோ கூடாது; பலன் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும் அடிமைகளின் விடுதலைக்கும் போக வேண்டும்.

புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்த நபிமொழியின் கடைசிப் பகுதிதான் முக்கியமானது. நிலத்தைப் பார்த்துக்கொள்பவர், அதாவது முத்தவல்லி, நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். தனக்கென்று செல்வம் சேர்க்கக் கூடாது. உமர் தமக்குப் பின் அந்தப் பொறுப்பைத் தந்தது மகள் ஹஃப்ஸாவுக்கு. முத்தவல்லி என்றால் ஆண்தான் என்று முடிவுகட்டிவிட்ட ஊர்களில் இதை உரக்கச் சொல்ல வேண்டும்.

சரி, அப்படி நிறுத்திவைத்த நிலம், அதாவது வக்ஃபு, யாருடையது? வக்ஃபு செய்தவரின் உரிமை அவரிடமே தங்கும் என்றார் இமாம் அபூ ஹனீஃபா. அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மது அஷ்ஷைபானியும் அதை ஏற்கவில்லை. மனித உரிமை அங்கே முடிந்து சொத்து அல்லாஹ்வுக்கு உரியதாகிவிடுகிறது என்றார்கள். ஹனஃபி மத்ஹபில் நிலைத்தது மாணவர்களின் கருத்துதான்.

சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன ஒரு வழக்கிலும் இது பேசப்பட்டது. வழக்கு ஓர் இந்து மடத்தின் நிலத்தை நிரந்தரக் குத்தகைக்கு விட்டது பற்றியது. 1921இல் தீர்ப்பு எழுதிய அமீர் அலி, மடாதிபதியையும் முத்தவல்லியையும் அருகருகே வைத்துப் பார்த்தார். ஆங்கிலச் சட்டத்தில் டிரஸ்டியின் பெயரில் சொத்து இருக்கும். முத்தவல்லியின் பெயரில் எதுவும் இல்லை, அவர் மேலாளர் மட்டுமே என்று விளக்கினார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்காரர் என்றால் மாதம் பிறந்ததும் வாடகை கேட்டு வாசலில் நிற்பார். வக்ஃபின் உரிமையாளன் வந்து கேட்பதில்லை. அவன் பெயரால் கேட்க வேண்டியவர் வாய்மூடி இருந்தால், கடைத்தெருவின் நல்ல இடமெல்லாம் பாட்டன் காலத்து வாடகையில் கிடக்கும்.

பழைய சட்ட அறிஞர்கள் இதை முன்பே கண்டிருந்தார்கள். வீட்டை ஓராண்டுக்கு மேலும் நிலத்தை மூன்றாண்டுக்கு மேலும் குத்தகைக்கு விடக் கூடாது, ஊரில் நடக்கும் வாடகைக்கு மிகக் குறைத்து விட்டாலும் செல்லாது என்றது ஹனஃபி சட்டம். நெடுநாள் அனுபவித்தவரை ஊர் உரிமையாளராகவே நினைத்துவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். இந்தியாவின் 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டமும் மூன்றாண்டு வரம்பையே வைத்தது. 2013 திருத்தம், விவசாய நிலத்துக்குத் தவிர, அதை 30 ஆண்டாக்கியது. மூன்றே ஆண்டுக்கு எவரும் முதல் போட்டுக் கட்டடம் எழுப்ப மாட்டார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பழையவர்களின் அச்சம் முப்பதாண்டில் பத்து மடங்காகிறது.

இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006இல் கொடுத்த எண்கள் வேதனையானவை. பதிவான வக்ஃபுகள் 4.9 லட்சத்துக்கு மேல். நிலம் ஏறத்தாழ 6 லட்சம் ஏக்கர். ஆண்டு வருமானமோ சுமார் 163 கோடி ரூபாய். முறையாக நிர்வகித்தால் 12,000 கோடி வரை ஈட்டலாம் என்று குழு கணக்கிட்டது. இடையில் விழுந்த பணம் யதீம்களின் படிப்புக்கும் விதவைகளின் அடுப்புக்கும் உரியது. ஆக்கிரமிப்பாளர்கள் வெளியாட்கள் மட்டுமல்லர் என்பதும், அரசு அலுவலகங்களே பல வக்ஃபு இடங்களில் இருப்பதாகக் குழு பட்டியலிட்டதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டியவை.

பல பள்ளிவாசல்களில் ஜும்ஆ வசூலை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடும் நல்ல பழக்கம் இருக்கிறது. அதே பலகையில் பள்ளிவாசல் கடைகளின் வாடகையும், குத்தகைக்காரரின் பெயரும், குத்தகை முடியும் தேதியும் வரட்டும். தொழுது முடித்துச் செருப்பு தேடும் நேரத்தில் எவரும் படித்துவிடலாம்.