பீஷ்மர் திருப்பி அனுப்பிய மருத்துவர்கள்

பாரதப் போரின் பத்தாம் நாளில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் வீழ்ந்தார். அம்புகளை அகற்றுவதில் தேர்ந்த மருத்துவர்களைத் துரியோதனன் அழைத்து வந்தான். பிதாமகரோ அவர்களுக்கு உரிய பொருளும் மரியாதையும் அளித்து அனுப்பிவிடுமாறு கூறினார். அரசர்கள் கொண்டுவந்த மென்மையான தலையணைகளையும் அவர் ஏற்கவில்லை. அர்ஜுனன் அவரது உள்ளக் கருத்தை உணர்ந்து அம்புகளாலேயே தலையணை அமைத்தான்; தாகம் என்றபோது நிலத்தைத் துளைத்து நீர் வரவழைத்தான். பேரன்கள் இருவருமே அவருக்கு உதவ விரும்பியவர்கள்தாம். ஒருவன் தனக்குச் சரியென்று தோன்றியதைச் செய்தான். மற்றவன் அவர் விரும்பியதைச் செய்தான்.

இந்த வேறுபாடு இன்று பல இல்லங்களில் தர்மசங்கடமாக எழுகிறது. குணப்படுத்த இயலாத அளவு நோய் முற்றிய முதியவர் ஒருவர் வீட்டிலேயே பராமரிக்கப்படுகிறார். ஓர் இரவு மூச்சு நிற்கிறது. 108 ஆம்புலன்ஸை அழைப்பதா? மார்பை அழுத்தி இதயத்தை இயக்க முயல்வதா? அல்லது கையைப் பற்றியபடி அருகில் அமர்ந்திருப்பதா?

சி.பி.ஆர். என்னும் மீட்பு முறையை 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் உலகிற்கு அறிவித்தனர். திடீரென இதயம் நின்றவருக்கு அது அரிய வரம். ஆனால் மார்பை ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். விலா எலும்புகள் முறிவதும் உண்டு. நோய் முற்றித் தளர்ந்த உடலில் அது பலனளிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பலனளித்தாலும் அடிப்படை நோய் அப்படியே இருக்கும். எஞ்சிய நாட்கள் செயற்கைச் சுவாசக் கருவியுடன் கழியக்கூடும்.

கண்ணியத்துடன் இறப்பது வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. வயது வந்தவர், தெளிந்த மனத்துடன் இருக்கும்போதே, இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய தம் விருப்பத்தை எழுதி வைக்கலாம். 2023 ஜனவரியில் இம்முறை எளிதாக்கப்பட்டது: இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும்.

எனினும், பெட்டியில் பூட்டிய காகிதம் நள்ளிரவில் உதவாது. எதுவும் அறியாமல் வந்து சேரும் ஆம்புலன்ஸ் ஊழியர் உயிரை மீட்கவே முயல்வார். அது அவரது கடமை. ஆகவே மருத்துவர், நோயாளி, குடும்பத்தார் மூவரும் முன்னரே பேச வேண்டும். அந்த முடிவை மருத்துவர் எழுதித் தர வேண்டும். மூச்சுத் திணறினால் என்ன மருந்து கொடுப்பது, யாரை அழைப்பது என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இயற்கையின் போக்கிற்கு விட்டுவிடுவது கைவிடுவதாகாதா என்று மனம் கேட்கும். கொல்வது வேறு, தீராத நோய் தன் முடிவை எய்தும்போது குறுக்கே நிற்காமலிருப்பது வேறு. மீட்பு முயற்சியைத் தவிர்ப்பவர் பராமரிப்பைத் தவிர்ப்பதில்லை. வலிக்கு மார்ஃபின், உலர்ந்த வாய்க்கு ஈரத்துணி, படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடும் கைகள் ஆகிய அனைத்தும் தொடரவேண்டிய சேவை. 2008-இல் வலிதணிப்புப் பராமரிப்புக்கெனக் கொள்கை வகுத்த கேரளத்தில், செவிலியரும் தொண்டர்களும் இல்லந்தோறும் சென்று இதைச் செய்கின்றனர்.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் அபாயம் உண்டு. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற கூச்சத்தால் முதியவர் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடும். செலவுக்கு அஞ்சும் குடும்பம் தன் சௌகரியத்தையே அவரது விருப்பமாகக் கூறவும் கூடும். எனவே ஒருமுறை கேட்டு முடித்துவிடலாகாது. சூழ்நிலை மாறும்போதெல்லாம் மீண்டும் கேட்க வேண்டும். மனம் மாறி அவர் 'முயன்று பாருங்கள்' என்றால் அதுவும் அதே மதிப்புக்குரியது. அவரால் பேச இயலாதபோது, 'நமக்கு எது ஆறுதல்?' என்பதல்ல, 'இவர் எதைக் கேட்டிருப்பார்?' என்பதே கேள்வி.

நம் இல்லங்களில் மரணத்தைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று கருதப்படுகிறது. அந்த மௌனத்தின் விலையைப் பேச இயலாத நோயாளியே இறுதியில் கொடுக்கிறார். தலையணை வேண்டும் என்று பீஷ்மர் வாய்திறந்து கேட்டார். அர்ஜுனனும் எத்தகைய தலையணை என்பதைக் காதுகொடுத்து உணர்ந்தான். அத்தகைய செவிசாய்ப்பே இறுதி நாட்களில் நாம் செய்யக்கூடிய முதல் தொண்டு.