வரைபடத்தில் மாசி மாதம் இல்லை

சைக்கிளில் மாட்டும் ஜிபிஎஸ் கருவிக்கு எந்த மேப் போடுவது என்பது யூடியூபில் பத்து நிமிஷம் பார்த்து முடிக்கிற சமாச்சாரம். எனக்கு அது ஒரு அறக்கேள்வியாகவும் படுகிறது. ஓவராகத் தோன்றலாம். சொல்லிப் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் வந்த பழைய கார்மின் எட்ஜைத் தேனியில் ஆன் செய்தால் பெரும்பாலும் வெற்றுத் திரைதான். நெடுஞ்சாலை ஒரு கோடு, நீங்கள் ஒரு முக்கோணம். அதில் வந்தது வேறு கண்டத்தின் மேப். அங்கேதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கைகொடுக்கிறது. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி யாரும் வரையலாம், யாரும் திருத்தலாம். அந்தத் தரவைக் கருவிக்கு ஏற்றபடி மாற்றி இலவசமாகத் தருகிறவர்கள் நிறையப் பேர். தென்னிந்தியாவை இறக்கி, கருவியை யூஎஸ்பியில் செருகி, 'கார்மின்' என்ற ஃபோல்டருக்குள் போட வேண்டியதுதான். பழைய கருவி என்றால் கோப்பின் பெயர் 'ஜிமேப்சப்' என்றே இருக்க வேண்டும். வேறு பெயர் வைத்தால் கண்டுகொள்ளாது. பிறகு செட்டிங்க்ஸில் போய் ஒரு மேப்பை மட்டும் ஆன் செய்து மற்றதை அணைக்க வேண்டும். இரண்டும் ஆனில் இருந்தால் ஒன்று மற்றதை மூடிவிடும்.

அந்த ஆன், ஆஃப் இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன்.

ஏனென்றால் தரவு ஒன்றுதான் என்றாலும் மேப் ஒன்றல்ல. சாலைச் சைக்கிளுக்கான மேப் தேனி–குமுளி ரோட்டையும், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளையும், போடிமெட்டையும் தடிமனாகக் காட்டும். மவுண்டன் பைக் மேப்போ வாய்க்கால் கரை, தோட்டத்து வண்டிப்பாதை, ஆட்டுக்காரர்கள் போகும் ஒத்தையடிப் பாதை என்று ஒன்றையும் விடாது. கம்பம் பள்ளத்தாக்கை அதில் பார்த்தால் இரண்டு பக்க மலைச்சரிவிலும் புள்ளிக்கோடுகள் நரம்பு மாதிரி ஓடும். பார்த்தாலே கால் பரபரக்கும்.

ஒரு கோட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். குரங்கணியும் கொழுக்குமலையும். இரண்டுமே தேனி மாவட்டம். ஆனால் கொழுக்குமலைக்கு வண்டியில் போகவேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப்பில் திரும்பி வரவேண்டும். கால்நடைப் பாதையோ நேராக இறங்குகிறது. மேப்பில் சின்னக் கோடு. சுற்றிப் போகும் தார் ரோட்டுக்கு முன்னால் அது எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது!

2018 மார்ச் 11. அந்தச் சரிவில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்திருந்த குழுக்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள் ஏதோ கருவியைப் பார்த்துத்தான் போனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது இதைத்தான்: பாதை அன்றைக்கும் இருந்தது. மேப்பில் இருந்த கோடு பொய்யில்லை. ஆனால் அது மாசிக் கடைசி. சரிவெல்லாம் காய்ந்த புல். ஐப்பசியில் இருக்கும் பாதையும் மாசியில் இருக்கும் பாதையும் ஒரே பாதை என்று கோடு சொல்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

போடிப் பக்கம் டீக்கடையில் வழி கேட்டுப் பாருங்கள். வழி வருவதற்கு முன்னால் கேள்வி வரும். "எந்த ஊரு? எத்தன பேரு? தண்ணி இருக்கா? இந்நேரத்துக்கு மேல அங்கிட்டு எதுக்குப் போறீக?" பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது வம்பு விசாரிப்பதாகத் தெரியும். எனக்கு அது பொறுப்பாகத் தெரிகிறது. வழி சொன்னவர் அதோடு கை கழுவுவதில்லை. நாம் திரும்புகிறோமா என்று சாயங்காலம் ஒரு கண் வைத்திருப்பார். கருவி எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் பதில் சொல்வதைத்தான் நாம் வசதி என்கிறோம்.

அப்படியானால் கோட்டை அழித்துவிடலாமே? ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆட்களுக்குள் இது பழைய சண்டை. வனங்களை நிர்வகிக்கிறவர்கள் சில பாதைகளை எடுத்துவிடச் சொல்வார்கள். வரைகிறவர்கள் 'தரையில் என்ன இருக்கிறதோ அதுதான் மேப்பில்' என்பார்கள். நான் இரண்டாம் கட்சி. காரணம் கொள்கைப் பிடிவாதம் அல்ல. அந்தப் பாதைகள் மலையேறும் ஆட்களுக்காகப் பிறந்தவை அல்ல. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போனது. இன்றைக்கும் தோட்ட வேலைக்காக மலை ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடந்த தடத்தை 'இல்லை' என்று எழுத நமக்கு என்ன உரிமை? இன்னொன்று, சரிவில் வழி தவறி நிற்பவனுக்கு அந்த அழித்த கோடுதான் கீழே இறங்கும் வழியாக இருக்கலாம். தீ அன்று மீட்க ஏறியவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு மேப் வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் வேண்டும்.

ஆக, கோடு இருக்கட்டும். கேள்வி கேட்கும் வேலை யாருடையது? மேப்பை ஏற்றிக்கொடுப்பவனுடையது என்று நினைக்கிறேன். சின்னமனூரில் சித்தி மகன் ஒருவன் கருவியை நீட்டி, "எல்லாப் பாதையும் வர்ற மாதிரி ஏத்திக் குடுங்கண்ணே" என்றான். ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு மேப்பும். ஆனால் சாலை மேப்பை மட்டும் ஆனில் வைத்து, மற்றதை அணைத்து, எப்படி ஆன் செய்வது என்றும் காட்டினேன். "அப்புறம் எதுக்குண்ணே அணைச்சுக் குடுக்குறீங்க, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றான். நியாயமான கேள்வி. மறைப்பது வேறு, ஒரு நொடி யோசிக்க இடம் வைப்பது வேறு என்றேன். அவனுக்கு அது ஒப்பவில்லை. புலிகள் காப்பகத்துக்குள் போகும் பாதை எதெது என்று திரையில் வைத்துக் காட்டிய பிறகு கொஞ்சம் அடங்கினான். மேகமலைப் பக்கம் 2021-லிருந்து காப்பகம். மேப்பின் புள்ளிக்கோடு அதைச் சொல்வதில்லை.

தீக்குப் பிறகு, 2018-லேயே, மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுக்கு இணையத்தில் பதிவுசெய்து வழிகாட்டியோடு போகும் ஏற்பாடும் வந்தது. காட்டுத்தீ காலத்தில் அவற்றை மூடிவைக்கிறார்கள். பாதைக்கு மாதம் உண்டு என்று ஒரு அலுவலகம் ஒத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் அதற்கு இடம் இருக்கிறது. ஒரு பாதைக்கு 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை அனுமதி இல்லை' என்று குறிப்பு சேர்க்கலாம். சிக்கல் என்னவென்றால், நாம் இறக்கும் பெரும்பாலான மேப்களில் அந்தக் குறிப்பு கருவியின் திரைவரை வந்து சேர்வதில்லை. திரையில் அதே புள்ளிக்கோடு, அதே நிறம். மேப் தயாரிக்கிறவர்கள் என்றைக்காவது அதை எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் போகலாம். மூடப்பட்டதாக அறிவிப்பு வரும் பாதைகளுக்குத் தேதி போட்டுச் சேமிக்கிறேன். போன வாரம் இரண்டு முடித்தேன்.